கரும்பலகை மூலையில் ஒரு குடித்தனம்

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மாமியார், பந்தாயான் தீவு நானாய் பிலோமினா அவர்களுக்கு,

உங்களைப் பெற்ற அம்மாவாக எண்ணி நானாய் என்று கூப்பிடும் மருமகன் அர்னுல்போ இங்கிருந்தபடியே உங்கள் வலக்கையை எடுத்து நெற்றியில் வைத்து ஆசி கேட்டு எழுதிக்கொள்வது. நேரில் வந்தால் அந்தக் கையை நெற்றிக்குக் கொடுப்பீர்களா, கன்னத்துக்குக் கொடுப்பீர்களா என்று தெரியாததால் இந்த மரியாதையைக் கடிதத்திலேயே முடித்துக்கொள்கிறேன். இங்கு நான் நலம். உங்கள் மகள் மரிவிக்கும் நலம் என்றுதான் நினைக்கிறேன். கட்டின பெண்டாட்டியைப் பற்றி ‘நினைக்கிறேன்’ என்று எழுதுகிறானே என்று கோபப்பட வேண்டாம். அதை விளக்கத்தான் இவ்வளவு தாளும் வாங்கி வைத்திருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? கருவாட்டுக்கு நல்ல வெயில் அடிக்கிறதா? பங்குச் சாமியாருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் என் வணக்கங்கள்.

போனில் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். மூன்று தடவை கூப்பிட்டேன். மூன்று தடவையும் என் குரலைக் கேட்டதும் “இங்க சிக்னல் இல்ல” என்று தெளிவாகச் சொல்லிவிட்டு நீங்களே வைத்துவிட்டீர்கள். பிறகு மீன் வியாபாரி மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள்: சனிக்கிழமைப் படகில் வருகிறேன், காலிப் பெட்டியோடு வருகிறேன், என் மகளின் துணிமணியை அடுக்கிக்கொண்டு அவளையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று. அந்தக் காலிப் பெட்டி என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து அவள் துணிமணி இடத்தில் இருக்கிறதா என்று தினமும் எண்ணிப் பார்க்கிறேன். பள்ளிக்கூட வாசலில் நாங்கள் போட்ட சண்டையை யாரோ உங்களிடம் கண், காது, மூக்கு வைத்துச் சொல்லியிருக்கிறார்கள். நானாய், அது சண்டையே அல்ல. நாடகம். அதை நம்ப வைக்க ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டும், பொறுமையாகப் படியுங்கள், மீனை வெட்டிக்கொண்டே படிக்காதீர்கள்.

எங்கள் பள்ளியில் பிள்ளைகள் அதிகம், அறைகள் குறைவு. அதனால் காலை ஷிப்ட் ஒன்று, மதியம் ஷிப்ட் ஒன்று. நான் காலை ஐந்தாம் வகுப்பு ஆசிரியர், உங்கள் மகள் மதியம் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. இருவருக்கும் ஒரே அறை. அதே நாற்காலி, அதே மேசை, அதே அலமாரி. ஆறு மணிக்குக் கொடி ஏற்ற வேண்டும் என்பதால் நான் இருட்டிலேயே எழுந்து, அவளை மிதிக்காமல் தாண்டி, சத்தமில்லாமல் சட்டையை மாட்டிக்கொண்டு போகிறேன் (இரண்டு முறை அவள் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன், அது வேறு கதை). நான் திரும்பி வரும்போது அவள் பள்ளியில் இருக்கிறாள். அவள் ஆறரைக்கு வகுப்பை விட்டு, நிரம்பி வழியும் ஜீப்னி வண்டிகளில் இடம் கிடைத்து வீடு வரும்போது நான் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கியிருப்பேன். ஆக, நாங்கள் இருவரும் கண்விழித்த நிலையில் சந்திப்பது தினமும் மத்தியானம், வகுப்பறை வாசலில், என் பிள்ளைகள் வெளியே பாய, அவள் பிள்ளைகள் உள்ளே பாய, நடுவில் நசுங்கிக்கொண்டு. அங்கே நான் “சாப்டியா?” என்பேன். அவள் “சாவி எங்க?” என்பாள். அன்றைய தாம்பத்தியம் அத்தோடு முடிந்தது.

சனிக்கிழமை இல்லையா என்று கேட்பீர்கள். ஒரு சனிக்கிழமை எனக்கு வாசிப்பு வராத பிள்ளைகளுக்கான வகுப்பு, மறு சனிக்கிழமை அவளுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம், துணி துவைக்கிறோம், பாடத்திட்டம் எழுதுகிறோம், பிறகு ஒரே பாயில் இரண்டு அரிசி மூட்டைகள் மாதிரி விழுந்து கிடக்கிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறை இருக்கிறதே என்பீர்கள். நானாய், கோபிக்கக் கூடாது, கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்குத்தான் வருகிறோம். அங்கே ஆண்கள் எல்லோரும் கூடத்தில், பெண்கள் எல்லோரும் உள்ளறையில். அந்த அட்டவணையைப் போட்டது நீங்கள். அப்படிப் போட்டுவிட்டு, போன கிறிஸ்துமஸ் அன்று முழுப் பன்றி வறுவலைச் சுற்றி உறவினர் அத்தனை பேரும் கத்தியோடு நிற்கையில், “ஏம்ப்பா மருமகனே, அடுத்த வருஷமாவது அந்தத் தொட்டிலைத் தூசி தட்டலாமா, இல்ல அதுலயும் கருவாட்டையே காயப் போடவா?” என்று கேட்டீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வாயில் இருந்த கறி அப்படியே நின்றுவிட்டது.

பேசத்தான் நேரமில்லை, எழுதிக்கொள்ளலாமே என்று நான்தான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எங்கள் பள்ளியில் கரும்பலகை மூலையில் கட்டம் போட்டு ‘அழிக்காதே’ என்று எழுதினால் அதை எந்தப் பிள்ளையும் தொடாது. அந்த மூலையை எங்கள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டேன். ‘காஸ் தீர்ந்துவிட்டது, கரி அடுப்பு மூட்டு’ என்று நான் எழுதுவேன். ‘மீன் பொரித்து வை, எண்ணெயைக் குறை’ என்று அவள் எழுதுவாள். பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் பாடப் புத்தகத்தில் இல்லாத ஆர்வம் இதில் வந்துவிட்டது. ஒருநாள் நான் ‘கோபமா?’ என்று எழுதினேன். மறுநாள் ‘இல்லை’ என்று பதில் இருந்தது. அதற்குக் கீழே மதியம் ஷிப்ட் பிள்ளைகள் கோணல் எழுத்தில் ‘ஆமாம்’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார்கள். சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மாள் என்னைப் பார்த்து, “என்ன சார், மேம் உங்களை எண்ணெய் குறைக்கச் சொன்னாங்களாமே” என்கிறாள். இதைவிடக் கேளுங்கள். மாவட்டத்திலிருந்து மேற்பார்வையாளர் ஒருவர் வந்தார். நான் மூலையை மறைக்க அலமாரிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். அவர் எட்டிப் பார்த்து, ‘பாகற்காய் வாங்க மறக்காதே’ என்பதைப் படித்து, இரண்டு ஷிப்டுக்கும் இடையே தகவல் பாலம் அமைத்த புதுமை என்று பாராட்டி, மற்ற அறைகளிலும் இதைப் பின்பற்றச் சொல்லிவிட்டுப் போனார். இப்போது எல்லா அறையிலும் மூலையில் கட்டம் இருக்கிறது. பக்கத்து அறையில் ‘என் விளக்குமாற்றைத் தொட்டவன் உருப்பட மாட்டான்’ என்று எழுதியிருக்கிறது.

அதே மாவட்டம்தான் ஆசிரியர்கள் மனநிறைவோடு இருக்கிறார்களா என்று அறிய ஒரு தாளும் அனுப்பியது. ‘உங்கள் பணி நேரம் குடும்ப வாழ்வுக்கு உகந்ததா?’ என்று கேள்வி. மிகவும் உகந்தது, உகந்தது, ஓரளவு உகந்தது என்று மூன்று பதில். நான்காவதாக நானே ஒரு கட்டம் வரைந்து டிக் போட்டேன். கட்டம் வரைந்தது தவறு என்று தாள் திரும்பி வந்தது. பிறகு ‘மகிழும் ஆசிரியர், மலரும் வகுப்பு’ என்று ஒரு பயிற்சி வைத்தார்கள். எப்போது? சனிக்கிழமை. அபூர்வமாக எங்கள் இருவருக்கும் வகுப்பு இல்லாத சனிக்கிழமை. சரி, இருவரும் சேர்ந்தாவது உட்காரலாம் என்று பார்த்தால் காலை ஷிப்ட் ஆசிரியர்களுக்குக் காலையில் மகிழ்ச்சி, மதியம் ஷிப்ட் ஆசிரியர்களுக்கு மதியம் மகிழ்ச்சி. பயிற்சி கொடுக்க வந்த இளைஞன் எங்களை இரண்டு கையையும் தூக்கி, “நான் சந்தோஷமா இருக்கேன்” என்று கத்தச் சொன்னான். கத்தினோம். பக்கத்தில் நின்ற, இன்னொரு அறையின் காலை ஷிப்ட் ஆசிரியர் போன்சோ சார் கையைத் தூக்கியபடியே தூங்கிவிட்டார். ஆளுக்கு ஒரு சான்றிதழும் ஒரு பிஸ்கட் பொட்டலமும் கொடுத்து அனுப்பினார்கள்.

நாங்கள் நிம்மதியாக ஒன்றாக இருந்தது நவம்பர் கடைசியில், வெனாங் புயல் வந்தபோது மட்டும்தான். புயல் எச்சரிக்கை விடுத்து, பள்ளிகளை மூடி, யாரும் வெளியே வரக் கூடாது என்று அறிவித்தார்கள். ஊரே ஜன்னலுக்கு ஆணி அடித்துக்கொண்டு ஜெபமாலை சொல்லும்போது நான் மட்டும் விசிலடித்துக்கொண்டு ஆணி அடித்தேன். கடவுள் மன்னிக்கட்டும். பின்பக்கக் கூரைத் தகடு ஒன்று பறந்தது, மின்சாரம் போனது, மழை ஒழுகாத ஒரே மூலையில் மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். இதற்கு மேல் விவரமாக எழுத மாட்டேன், நீங்கள் மாமியார். நிறைய பேசினோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மகளுக்குச் சிரிக்கும்போது இடது கன்னத்தில் குழி விழும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நானாய், எனக்கு அழுகை வந்துவிட்டது. புயல் கரையைக் கடந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னபோது நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட மாதிரி, வீடு இழந்தவர்கள்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தெம்பில்தான் தலைமையாசிரியை எதெல்வினா மேமிடம் போனேன்.

“மேம், எங்க ரெண்டு பேரையும் ஒரே ஷிப்ட்ல போட்டுடுங்க. காலையோ மதியமோ, எதுன்னாலும் சரி.”

“ஏன் சார், உங்களுக்குள்ள ஏதாவது பிரச்சினையா?”

“பிரச்சினை வர்றதுக்கே நேரம் இல்ல மேம். அதான் பிரச்சினை.”

அவர் சிரித்துவிட்டு என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். “அந்த ரூமைப் பாருங்க. போன்சோ சார் மத்தியானம் போகும்போது ஃபேன் றெக்கையைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டுப் போறாரு. மதியம் வர்ற டீச்சர் சாயங்காலம் திரைச்சீலையைச் சுருட்டிக்கிட்டுப் போறாங்க. அலமாரி நடுவுல சாக்பீஸால கோடு போட்டிருக்காங்க, போய்ப் பாருங்க. இந்தப் பள்ளிக்கூடத்துலயே ஒரு ஃபேன், ஒரு திரை, ஒரு சாவின்னு இருக்கிறது உங்க ரூம் ஒண்ணுதான் சார். உங்களை நான் எப்படிப் பிரிப்பேன்?”

“நாங்க பிரிஞ்சுதானே மேம் இருக்கோம்?”

“அதான் சார் அழகு! பிரிஞ்சிருந்தும் சண்டை இல்ல பாருங்க. கல்யாணம்னா இப்படித்தான் இருக்கணும்.”

உங்களுக்குத் தெரியாததா, இங்கே ஃபேன், திரை, பெயின்ட், விளக்குமாறு எல்லாம் ஆசிரியர் சொந்தக் காசில் வாங்குவது. எங்கள் அறையில் சுற்றுகிற ஃபேன் நீங்கள் எங்கள் கல்யாணத்துக்குக் கொடுத்தது. வீட்டில் இருந்தால் ஒருவர்தான் இருக்கிறோம், பள்ளியில் இருந்தால் இருவருக்கும் காற்று என்று அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டோம். மன்னிக்கவும்.

திரும்பி வரும்போது மேம் ஒரு வார்த்தை சொன்னார். “சண்டை போடுற ஜோடியைத்தான் சார் நான் மாத்தியாகணும். போன வருஷம் மூணாம் நம்பர் ரூம்ல விளக்குமாத்தால அடிச்சுக்கிட்டாங்க. ரெண்டு பேரையும் காலை ஷிப்டுக்கே மாத்தி, மைதானத்துக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர்னு போட்டேன். உங்களுக்கு எதுக்கு அதெல்லாம்?” எனக்குத் தலையில் விளக்கு எரிந்தது. அடித்துக்கொண்டவர்களுக்கு ஒரே ஷிப்ட். ஒழுங்காக இருந்தவர்களுக்கு ஆளுக்கொரு ஷிப்ட். அப்படியென்றால் நாமும் அடித்துக்கொள்ள வேண்டியதுதானே!

பூசைக்குப் போகிற வழியில் மரிவிக்கிடம் திட்டத்தைச் சொன்னேன். மத்தியானம் வாசலில், எல்லோரும் பார்க்க, ஃபேனைப் பற்றி ஒரு சின்ன வாக்குவாதம். நான் ஃபேனை அணைக்காமல் விட்டேன் என்று அவள் கேட்க வேண்டும், அணைத்தேன் என்று நான் சொல்ல வேண்டும், அவள் “இந்த ஆளோட ஒரே ரூம்ல என்னால முடியாது” என்று முடிக்க வேண்டும். மூன்றே வசனம். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் “சரி” என்றாள். சாதாரணமாக நான் உப்பு வாங்கச் சொன்னாலே இரண்டு கேள்வி கேட்கிறவள். அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை மத்தியானம். என் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே, அவள் பிள்ளைகள் வரிசையாக உள்ளே வரக் காத்துக்கொண்டு. அவள் வந்தாள். ஆரம்பம் அருமையாக இருந்தது.

“சார், ஃபேனை ஏன் அணைக்காமப் போறீங்க? அது என் அம்மா வாங்கிக் குடுத்தது.”

“அணைச்சேன் மேம்.”

இந்த இடத்தில் மூன்றாவது வசனம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

“அணைச்சீங்களா? நீங்க எதை சார் அணைச்சிருக்கீங்க? வீட்ல லைட்டை அணைக்கிறதில்ல, குழாயை மூடுறதில்ல. ஈரத் துண்டை என் தலகாணி மேல போட்டுட்டுப் போறீங்களே, நான் படுக்கப் போனா மூஞ்சி நனையுது. போன்சோ சார் பிறந்தநாளைக்கு மைக்கைப் புடிச்சுக்கிட்டு சமையல் டீச்சரோட ஜோடிப் பாட்டுப் பாடினீங்களாமே! எனக்கு யார் சொன்னா தெரியுமா? நாலாம் வகுப்புப் பையன்!”

“மரிவிக், அது வசனத்துல இல்ல” என்று பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

“என்ன இல்ல? எதுவுமே இல்ல நோல்!” சார் போய், வீட்டில் என்னைக் கூப்பிடும் நோல் வந்துவிட்டது, அதுவும் பள்ளிக்கூடத்தில். “மூணு வருஷமா என்ன இருக்கு? நான் கல்யாணம் பண்ணினது ஒரு ஆளை. குடும்பம் நடத்துறது ஒரு சாக்பீஸ் எழுத்தோட!”

மதியம் ஷிப்ட் பிள்ளைகள் கைதட்டினார்கள். காலை ஷிப்ட் பிள்ளைகள், “சார், விடாதீங்க சார்!” என்று கத்தினார்கள். போன்சோ சார் ஃபேன் றெக்கையைக் கையில் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார். எனக்குக் காது இரண்டும் கொதித்தது. நானும் ஏதோ சொல்லிவிட்டேன். என்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன். அதில் நீங்கள் அனுப்பும் கருவாட்டின் உப்பு பற்றியும் ஒரு வரி வந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது நாடகத்தின் வேகத்தில் வந்தது நானாய். உங்கள் கருவாட்டில் உப்பு அளவாகத்தான் இருக்கிறது.

எதெல்வினா மேம் எங்களை விசாரித்தார். சேர்த்து விசாரிக்க முடியாது, ஷிப்ட் வேறு அல்லவா. என்னைக் காலையிலும் அவளை மதியத்திலும் விசாரித்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “உங்க வேதனை எனக்குப் புரியுது சார். இனிமே நீங்க ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சில ஒருத்தர் முழிக்கவே வேண்டாம். நான் ஏற்பாடு பண்ணிட்டேன்” என்றார். ஒரே ஷிப்டும் இல்லை, வேறு அறையும் இல்லை. அறை காலியில்லையாம். அதற்குப் பதில், நான் மணி அடிக்கும் முன்பே பின்கதவு வழியாகப் போய்விட வேண்டும். நான் கேட்டைத் தாண்டிய பிறகுதான் அவள் முன்கதவு வழியாக வர வேண்டும். சாவி எங்கள் இருவரிடமும் இருக்கக் கூடாது, நடுநிலையாக போன்சோ சாரிடம் இருக்கும். இந்த ஊரில் நடுநிலைக்குக் கிடைத்த ஆளைப் பாருங்கள். கரும்பலகை மூலையில் தனிப்பட்ட விஷயம் எழுதத் தடை. கூடவே, தம்பதியர் நல்லுறவுப் பயிற்சி ஒன்றுக்கும் எங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார். கணவர்களுக்குக் காலையில், மனைவிகளுக்கு மதியம்.

ஆக, “சாப்டியா”, “சாவி எங்க” என்ற இரண்டு வார்த்தையும் போய்விட்டது. நான் செய்த காரியத்தின் பலன் இதுதான். இப்போது வீட்டிலும் நிலைமை சரியில்லை. தட்டில் சோறும் நீங்கள் அனுப்பிய கருவாடும் மூடி வைத்துவிட்டுத்தான் தூங்குகிறேன். சில வாரமாகவே சோறு மட்டும் கொஞ்சம் குறைந்திருக்கிறது, கருவாடு அப்படியே இருக்கிறது. தீவுக்காரி, கருவாட்டு வாசனையிலேயே வளர்ந்தவள், பெற்ற தாய் அனுப்பியதையே தொடவில்லை என்றால் அவளுக்கு என்மேல் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் நான் கிளம்பும்போது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். முகத்தில் சோர்வு. எழுப்பிக் கேட்கலாம் என்றால், அவள் தூங்கக் கிடைப்பதே அந்த நேரம்தான். கையை நீட்டுகிறேன், எடுத்துவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது நானாய். கிண்டலாக எழுதிக்கொண்டே வந்தேன், ஆனால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

அதனால் உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். சனிக்கிழமை வாருங்கள், காலிப் பெட்டி வேண்டாம். அவளைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். வேண்டுமானால் எதெல்வினா மேமைப் போய்ப் பாருங்கள். சுறாவின் வயிற்றையே ஒரே கீறலில் கிழிக்கிறவர் நீங்கள், ஒரு நேர அட்டவணையைக் கிழிக்க மாட்டீர்களா? எங்கள் இருவரையும் ஒரே ஷிப்டில் போடும்படி நானும் கெஞ்சி மனு கொடுத்திருக்கிறேன். மறுத்தால் வேலையை விட்டுவிட்டு உங்கள் தீவுக்கே வந்து கருவாடு காயப் போடுகிறேன். அங்கே எல்லோருக்கும் ஒரே ஷிப்ட், வெயில் இருக்கும்வரை. அந்த ஷிப்டில் உங்கள் மகளும் என் பக்கத்தில் இருந்தால் போதும். எனக்கு வேறு மனநிறைவு தேவையில்லை.

இந்தக் கடிதத்தை நன்றாக ஒட்டி, தூங்குகிற மரிவிக்கின் தலையணைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறேன். படகுத்துறை அவள் வழியில்தான் இருக்கிறது, மீன் வியாபாரியிடம் சேர்த்துவிடுவாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற குணம் அவளுக்கு இல்லை, உங்கள் வளர்ப்பு அப்படி.

மாதாவின் அருள் உங்கள் வீட்டின்மேலும் உங்கள் முழங்காலின்மேலும் தங்கட்டும். உங்கள் வலைகள் நிறையட்டும்.

உங்கள் ஆசியை நாடும்,
மருமகன் அர்னுல்போ

பின்குறிப்பு: நானாய், இது மரிவிக். சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருக்கிறார். ஆவியில் காட்டினால் பிரிந்துவிடும், இதை ஐந்தாம் வகுப்பிலேயே நடத்துகிறேன். அவர் எழுதியது பெரும்பாலும் சரி. திருத்தம் இரண்டு. ஈரத் துண்டு தலையணைமேல் மட்டும் இல்லை, எல்லா இடத்திலும் இருக்கும். அந்தச் சாக்பீஸ் வசனம் நடிப்பு இல்லை. மூன்று வருஷமாகத் தொண்டையில் நின்றது, சொன்னதும் இறங்கிவிட்டது. ஆனால் அன்று ராத்திரியும் தட்டை மூடித்தான் வைத்திருந்தார், எப்போதும் போல முள்ளையெல்லாம் எடுத்துவிட்டு. எவ்வளவு கோபமாக இருந்தாலும் அந்தத் தட்டை மூடி வைக்கிற ஆளை விட்டு நான் எங்கே வருவேன்?

கருவாட்டை ஒதுக்குவது கோபத்தில் இல்லை. வாசனை வந்தாலே குமட்டுகிறது. ஆறு பிள்ளை பெற்றவர் நீங்கள், இதற்கு மேல் எழுத வேண்டுமா? நேற்றுதான் மருத்துவச்சி உறுதியாகச் சொன்னார். புயல் வந்த தேதியை வைத்து நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அவரை உலுக்கி எழுப்பிச் சொன்னேன். “எல்லாரும் வந்தாச்சு, உக்காருங்க” என்று தூக்கத்திலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இன்று மேமிடம் போனேன். உங்கள் மருமகன் கொடுத்த மனுவைப் படித்துவிட்டு மேம் மனம் இரங்கி, ஜூனிலிருந்து எங்கள் இருவருக்கும் காலை ஷிப்ட் என்று எழுதியே வைத்திருந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆள் வைத்துப் பிள்ளை வளர்க்க நமக்கு ஏது வசதி? காலையில் நான் பார்த்துக்கொள்வேன், மதியம் அவர் பார்த்துக்கொள்வார். “நான் அப்பவே சொல்லலையா, நீங்க முன்மாதிரி ஜோடின்னு!” என்று மேம் என்னைக் கட்டிக்கொண்டார். மனநிறைவுத் தாளில் ‘மிகவும் உகந்தது’ என்பதற்கு டிக் போட்டுக் கொடுத்துவிட்டு, அலமாரிக்குப் பின்னால் போய் நின்று கொஞ்சம் அழுதேன்.

சனிக்கிழமை வாருங்கள். பெட்டி காலியாக வேண்டாம், பழைய மென்மையான துணியாக அடுக்கிக்கொண்டு வாருங்கள். தொட்டிலைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுங்கள்.

அவருக்கு இன்னும் தெரியாது. தடையை மீறி, இப்போதுதான் கரும்பலகை மூலையில் எழுதிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நாளைக் காலை கதவைத் திறந்ததும் பார்ப்பார். அதற்குள் என் பிள்ளைகள் அத்தனை பேரும் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

“மேம், பாப்பா எந்த ஷிப்ட்?”

சாக்பீஸை மறுபடி எடுத்தேன் நானாய். கீழே ‘அழிக்காதே’ என்று எழுதினேன்.